கழன்றுபோன சின்னம்



மிக எளிய பொருள் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். காரின் முகப்பிலும் பின்புறத்து டிக்கியிலும் பளபளவென்று ஒளிரும் சிறு சின்னத்தை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். உதிரிப்பாகக் கடைக்காரர்கள் அதனை 'மோனோகிராம்' என்று அழைப்பார்கள். அது கழன்று ஆடத் தொடங்கினால் மீண்டும் பொருத்துவது எப்படி? வேண்டாம் என்று எடுக்க நேர்ந்தால் பெயின்ட் கெடாமல் எடுப்பது எப்படி? இவைதாம் இன்றைய கேள்விகள். "இதுவும் ஒரு பேச்சுக்குரிய பொருளா?" என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் யாரேனும் இதைப் பற்றிப் பேசியிருந்தால் நானும் நகைத்திருப்பேன். தவறு செய்து, அதற்கு விலையும் கொடுத்த பிறகே இதன் உட்பொருள் எனக்கு விளங்கிற்று.

புதுச்சேரியில் கடற்காற்று தங்குதடையின்றி வீசும் தெருவொன்றில் என் கார் நிற்பது வழக்கம். ஒரு நாள் அதன் டிக்கியில் இருந்த பெயர்ச் சின்னம் ஒரு முனையில் கழன்று தொங்கக் கண்டேன். சில நொடிகளில் ஒட்டும் பசைக்குப்பி வீட்டில் இருந்தது. தூசியைக் கையால் தட்டிவிட்டு, இரண்டு சொட்டுப் பசை விட்டு அழுத்தினேன். வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் சின்னம் சற்றே சாய்ந்து நின்றது. சுற்றிலும் கருநிறப் பெயின்டின் மீது வெண்புகை படிந்தாற்போன்ற கறை. சித்திரை வெயில் ஏறியதும் அது மீண்டும் கழன்றது. இம்முறை தனியே விழவில்லை. புளியங்கொட்டை அளவு பெயின்டையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. அந்த இடத்தில் உப்புக் காற்றுப் பட்டுத் துரு தோன்றியது. துருவைச் சுரண்டி டிக்கி முழுவதற்கும் பெயின்ட் அடிக்க நேர்ந்தபோது ஆன செலவு, சின்னத்தின் விலையைப் போலப் பல மடங்கு.

பணம் போனதைவிட வெட்கமே எனக்குப் பெரிதாக இருந்தது. வெப்பத்தால் திடப்பொருள்கள் விரிவடையும் என்பதைக் குண்டும் வளையமும் கொண்டு எத்தனையோ வகுப்புகளுக்குச் செய்து காட்டியவன் நான். அந்தப் பாடம் என் வாசலிலேயே நின்றிருந்தது. நான் அதைக் காணவில்லை. புத்தகத்தில் கற்றது கைக்கு எட்டாதிருந்தால் அக்கல்வி பாதிக் கல்வியே. நீங்கள் அந்தப் பாதியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இதனைப் பேசுகிறேன்.

முதலில் சின்னம் என்பது ஏன் வந்தது என்று பார்ப்போம். பிரெஞ்சு ஆட்சியின் சுவடுகளைத் தாங்கிய நம் ஊரில் பிரெஞ்சு வண்டிகளையே எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருத்தம். சித்ரோயன் காரின் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கூரைகள் போன்ற கோடுகளைக் காணலாம். அது வெறும் அலங்காரம் அன்று. ஆந்த்ரே சித்ரோயன் கார் செய்யத் தொடங்கியது 1919ஆம் ஆண்டில். அதற்கு முன் அவர் பற்சக்கரங்கள் செய்துவந்தார். மீன்முள்ளைப் போல இருபுறமும் சாய்ந்த பற்களை உடைய அந்தச் சக்கரங்கள் ஓசை குறைவாகச் சுழல்வன. அப்பற்களின் வடிவமே அவருடைய காரின் சின்னமாயிற்று. இன்று அந்தச் சின்னம் தாங்கிய கார்கள் நம் அண்டையிலுள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே உருவாகின்றன.

பெழோ நிறுவனத்தின் சிங்கம் இன்னும் பழமையானது. அக்குடும்பத்தார் கார் செய்வதற்கு முன் இரம்பம் செய்தவர்கள். சிங்கத்தின் பல்லைப் போல உறுதி, அதன் முதுகெலும்பைப் போல வளையும் தன்மை, அதன் பாய்ச்சலைப் போல விரைவு ஆகிய மூன்றும் தம் இரம்பத்துக்கு உண்டு என்று காட்டவே அச்சின்னத்தை 1858ஆம் ஆண்டில் பதிவு செய்தார்கள். ரெனோ காரின் சாய்சதுரம் 1925ஆம் ஆண்டில் வந்தது. ஊதுகுழலின் ஒலி வெளியே வருவதற்காக முகப்பில் வைத்திருந்த கம்பி வலையே மெல்ல மெல்லச் சின்னமாக மாறிற்று. ஆகவே, சின்னம் என்பது செய்தவனின் கையொப்பம். "இதைச் செய்தவன் நான்; இதன் நன்மை தீமைக்கு நானே பொறுப்பு" என்பதே அதன் பொருள்.

பழைய காலத்தில் இந்தக் கையொப்பத்தை எப்படிப் பொருத்தினார்கள்? 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை உருவான அம்பாசடரையும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும் போன்ற அக்கால வண்டிகளில் உலோகச் சின்னங்களே மிகுதி. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்து, மேலே குரோமியம் பூசுவார்கள். சின்னத்தின் பின்புறத்தில் சிறு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். தகட்டில் துளையிட்டு, அக்குச்சிகளை நுழைத்து, உட்புறத்தில் பிடிப்பு வில்லையோ மரையோ போட்டு இறுக்குவார்கள். எளிதில் விழாது. ஆனால் துளையிட்ட இடத்தில் பெயின்ட் இல்லை. அங்கே ஈரமும் உப்பும் புகும். இரும்புத் தகடு, துத்தநாகம், உப்புநீர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சிறு மின்கலம் என்பது வேதியியல் படித்தவர்களுக்குத் தெரியும். துத்தநாகம் வெண்பொடியாக அரிக்கப்படும்; குரோமியப் பூச்சு கொப்புளம் கொள்ளும்; துளையின் விளிம்பில் இரும்பும் நாளடைவில் துருவேறும். கடலோரப் பழங்கார்களில் சின்னத்தின் கீழே செந்நிறக் கண்ணீர்க் கோடு போல ஒரு கறை வழிந்திருப்பதன் காரணம் இதுவே.

இக்காலத்துச் சின்னங்கள் பெரும்பாலும் உலோகம் அல்ல. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய செம்பு, நிக்கல், குரோமியப் படலங்களை ஏற்றி உலோகம் போலத் தோன்றச் செய்கிறார்கள். பல வண்டிகளில் அவற்றைத் தகட்டோடு பிணைப்பது இருபுறமும் ஒட்டும் நுரை நாடா ஒன்றே. கடையில் 'டபுள் சைடு டேப்' என்று கேட்போம் அல்லவா? அதன் உயர்ந்த வகை இது. அக்ரிலிக் நுரையாலான இத்தகைய வலிய நாடாவை 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். கல்லையும் இரும்பையும் நொடியில் ஒட்டும் பசை இருக்கும்போது, பஞ்சு போன்ற நுரை நாடாவை ஏன் பயன்படுத்த வேண்டும்? பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சின்னத்தின் நீளம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் தகட்டின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். உச்சி வெயிலில் கருநிறத் தகடு 70 டிகிரியை எட்டுவதாகக் கொள்வோம். உயர்வு 40 டிகிரி. இரும்புத் தகட்டின் நீள்விரிவெண், ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு அது ஏறத்தாழ 80 பங்கு. பெருக்கிப் பாருங்கள். சின்னத்தின் கீழுள்ள இரும்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் நீள்கிறது, சின்னமோ 0.6 மில்லிமீட்டருக்கும் மேலாக நீள்கிறது. இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் வேறுபாடு. இந்த இழுபறி ஒவ்வொரு பகலும் ஒவ்வோர் இரவும் நடந்துகொண்டே இருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள நுரை நாடா என்ன செய்கிறது? சாய்ந்து கொடுக்கிறது. அதன் அடிப்பகுதி தகட்டோடு நிற்க, மேற்பகுதி சின்னத்தோடு நகர்கிறது. நாணல் வெள்ளத்துக்கு வளைந்து கொடுத்துப் பிழைப்பது போல என்று கொள்ளுங்கள். நொடியில் ஒட்டும் பசையோ கண்ணாடி போல் இறுகிவிடும், வளையத் தெரியாது. எனவே பசை விரிசல் காணும். அல்லது பசையைவிடப் பிடிப்புக் குறைந்த பெயின்ட் தகட்டை விட்டுப் பெயரும். என் காரில் நிகழ்ந்தது இதுதான். அந்த வெண்புகைக் கறைக்கும் காரணம் உண்டு. சயனோஅக்ரிலேட் என்னும் அந்தப் பசை காற்றின் ஈரத்தால் இறுகுவது. இறுகுமுன் எழும் அதன் ஆவி, சுற்றுப்புறத்தில் படிந்து வெண்மையாக உறையும். கடலோரத்து ஈரக் காற்றில் இது நிகழ்வதற்குக் கேட்கவா வேண்டும்?

இனிச் செய்முறைக்கு வருவோம். சின்னம் ஒரு முனையில் கழன்றிருந்தால் அம்முனையை மட்டும் ஒட்டி ஏமாற்றிக்கொள்ளல் ஆகாது. முழுவதையும் எடுத்துப் புதிதாக ஒட்டுவதே முறை. எடுக்கும் முன் இரண்டு செயல்கள் செய்ய வேண்டும். முதலாவது, பின்புறத்தில் குச்சிகள் உள்ளனவா என்று அறிதல். டிக்கியின் உட்புறத்தைத் திறந்து பார்த்தால் மரையோ பிடிப்போ தெரியும். அவை இருந்தால் உள்ளிருந்து கழற்றிய பிறகே வெளியே எடுக்கலாம். இரண்டாவது, இடத்தைக் குறித்துக்கொள்ளுதல். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித நாடாவைச் சின்னத்தின் மேல் விளிம்பையும் இடப்பக்க விளிம்பையும் ஒட்டினாற்போலத் தகட்டில் ஒட்டுங்கள். திரும்பப் பொருத்தும்போது சாயாமல் நிற்க அதுவே அளவுகோல்.

பிறகு சின்னத்தைச் சூடாக்க வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியை ஒரு சாண் தொலைவில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்தபடி சில நிமிடம் காட்டினால் போதும். அக்கருவி இல்லையென்றால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் நனைத்த துணியை மேலே சில முறை வைத்து எடுக்கலாம். தொட்டால் நன்றாகச் சுட வேண்டும். ஆனால் விரலை வைத்திருக்க முடிய வேண்டும். அந்த அளவில் நாடாவின் பசை இளகிவிடும். நெருப்பையோ கொதிநீரையோ கிட்டக் கொண்டுவராதீர்கள்.

இனி எதனால் எடுப்பது? திருப்புளியை விளிம்பில் நுழைத்து நெம்புவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அதுவே தீய எண்ணம். திருப்புளியின் முனை பெயின்டைக் கீறும், சின்னமும் முறியும். நம் ஊர் வம்பாகீரப்பாளையத்து மீனவர்களிடம் இதற்கு ஏற்ற கருவி உண்டு. அவர்கள் 'தங்கூசி' என்று சொல்லும் நைலான் தூண்டில் நரம்புதான் அது. ஒரு முழ நீளம் எடுத்து, இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு, சின்னத்துக்கும் தகட்டுக்கும் இடையே நுழைத்து, இரம்பம் இழுப்பது போல மெல்ல இழுக்க வேண்டும். நரம்பு நுரையின் நடுவே அறுத்துக்கொண்டு செல்லும். பெயின்டை விட மென்மையானது ஆகையால் அது கீறல் உண்டாக்குவது அரிது. நாடா குளிர்ந்து இறுகினால் மீண்டும் சூடு காட்டுங்கள்.

சின்னம் வந்துவிட்டது, நுரையும் பசையும் தகட்டில் எஞ்சி நிற்கின்றன. மீண்டும் சிறிது சூடாக்கிக் கட்டைவிரலால் உருட்டினால் பெரும்பகுதி திரண்டு வந்துவிடும். எஞ்சியதை நீலகிரித் தைலமோ மண்ணெண்ணெயோ தொட்ட மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் துடைத்துப் பார்த்து, பெயின்டின் நிறம் துணியில் ஏறவில்லை என்று அறிந்த பின்னரே மேற்செல்ல வேண்டும். தின்னர் வேண்டாம், அது பசையோடு பெயின்டையும் கரைக்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றும்.

எடுத்த இடத்தில் எழுத்துகளின் நிழல் போல ஒரு வடிவம் தெரியலாம். சுற்றியுள்ள பெயின்ட் பல ஆண்டு வெயிலில் வெளுத்திருக்க, சின்னத்தின் அடியில் இருந்தது மட்டும் பழைய நிறத்தோடு இருப்பதே காரணம். மெருகு தேய்த்தால் வேறுபாடு ஓரளவு குறையும். பழைய வண்டியில் முற்றும் மறைவது கடினம். சின்னத்தை நிரந்தரமாக நீக்க நினைப்பவர்கள் இதை முன்பே எண்ணிப் பார்ப்பது நல்லது.

திரும்ப ஒட்டுவதற்கு வருவோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். ஒட்டும் வேலையில் சுவர் என்பது தூய்மையான பரப்பு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். இலையின் மேலுள்ள மெழுகும் நுண்ணிய மேடுபள்ளங்களும் தண்ணீரைப் பரவ விடுவதில்லை. மெழுகோ எண்ணெயோ படிந்த கார்த் தகடும் பசைக்கு ஒரு தாமரை இலைதான். பசை பரப்பின் மீது நன்றாகப் படர்ந்து நெருங்கினால்தான் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு விசை வேலை செய்யும். ஆகவே சோப்பு நீரால் கழுவி உலர்த்திய பின், மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் தகட்டையும் சின்னத்தின் பின்புறத்தையும் துடையுங்கள். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள். விரலிலும் எண்ணெய் உண்டு.

கார்களுக்கென்றே விற்கும் நுரை நாடாவைச் சின்னத்தின் வடிவத்துக்கு ஏற்பக் கத்தரித்து, விளிம்பிலிருந்து சற்று உள்ளடங்கி நிற்குமாறு பின்புறத்தில் ஒட்டுங்கள். காகித நாடாக் குறிகளோடு பொருத்திப் பார்த்துப் பழகிய பிறகு, பாதுகாப்புத் தாளை உரித்து ஒரே முறையில் வையுங்கள். பிறகு உள்ளங்கையால் முழுப் பரப்பிலும் சீராக அரை நிமிடம் அழுத்துங்கள். இந்த நாடா அழுத்தத்தால் ஒட்டுவது; எவ்வளவு நன்றாக அழுத்துகிறோமோ அவ்வளவு நெருக்கமாகப் படரும். முழு வலிமை பெற ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். அதுவரை வண்டியைக் கழுவ வேண்டாம். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இப்போதைய சில கார்களில் முன்புறச் சின்னத்தின் பின்னால், முன்னே செல்லும் வண்டியின் தொலைவை அளக்கும் ரேடார் கருவி இருக்கும். வேறு சிலவற்றில் பின்புறச் சின்னமே டிக்கியைத் திறக்கும் பிடியாகவும் காமிராவின் மூடியாகவும் இருக்கும். அத்தகையவற்றில் நாம் கை வைக்கலாகாது. பழகிய பணிமனையிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மாணவர்களே, கையின் வேலை இதோடு முடிந்தது. மனத்தின் வேலை ஒன்று எஞ்சியுள்ளது. சின்னம் கையொப்பம் என்று முன்னர்ச் சொன்னேன். பிறருடைய கையொப்பத்தைத் திருடுவதும், போலியாக இடுவதும் தவறு அல்லவா? 1980களில் மேலைநாடுகளில் ஓர் இசைக்குழுவினர் வோக்ஸ்வாகன் சின்னத்தைக் கழுத்தில் மாலையாக அணிந்தார்கள். அதைக் கண்ட இளைஞர்கள் தெருவில் நின்ற கார்களிலிருந்து அச்சின்னங்களைப் பெயர்த்தெடுக்கலானார்கள். விளையாட்டு என்று அவர்கள் எண்ணினார்கள். பெயர்த்த இடத்தில் துருவைக் கண்டவர்களுக்கு அது விளையாட்டாக இருந்திராது. அதுபோலவே, குறைந்த விலை வண்டிக்கு உயர்ந்த வகையின் எழுத்துகளை ஒட்டி விற்பவர்களும் உண்டு. சின்னத்தை நம்பி யாரும் பழைய வண்டி வாங்காதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவையே வண்டியின் மெய்யான அடையாளம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சின்னம் உண்டு. சாரநாத்து அசோகத் தூணின் சிங்கங்களைக் கொண்ட நம் நாட்டுச் சின்னம் அது. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் அதனை ஏற்றுக்கொண்டோம். அதன் தவறான பயன்பாட்டைத் தடுக்க 2005ஆம் ஆண்டில் சட்டமும், 2007ஆம் ஆண்டில் விதிகளும் வந்தன. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், மாநில ஆளுநர்கள், நம் புதுச்சேரியைப் போன்ற பகுதிகளின் துணைநிலை ஆளுநர்கள் முதலாக விதிகளில் குறித்த பதவியினரின் கார்களுக்கே அவ்வுரிமை. பதவியிலிருந்து விலகியவர்களுக்கும் அது கிடையாது. கடையில் கிடைக்கிறது என்று வாங்கித் தம் காரில் ஒட்டிக்கொள்வது குற்றம். பிற சின்னங்கள் கழன்றால் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தச் சின்னம் நமக்கு உரியதல்லாத வண்டியில் இருந்தால் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

என் காரில் இப்போது சின்னம் நேராக நிற்கிறது. இரண்டு கோடைகள் கடந்துவிட்டன, அசையவில்லை. ஆனால் அதன் ஓரத்தில், பழைய பெயின்டோடு புதிய பெயின்ட் சேரும் இடத்தில், உற்றுப் பார்த்தால் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதை மறைக்க நான் முயலவில்லை. ஒவ்வொரு முறை டிக்கியைத் திறக்கும்போதும், நான் கற்பித்த பாடத்தை நானே மறந்த நாளை அது நினைவூட்டுகிறது.

உங்கள் இயற்பியல் நூலில் நீள்விரிவெண்களின் அட்டவணை ஒன்று இருக்கும். தேர்வுக்காக மட்டும் அதனைப் புரட்டாதீர்கள். தெருவில் இறங்கி, ஒரு காரின் பின்னால் நின்று, அந்த எண்கள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பாருங்கள். கல்வி அங்கேதான் முழுமை பெறுகிறது.